சல்லடையில் நிற்காதவை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. வசந்தத்தின் தொடக்கத்தில் எங்கள் ஆய்வுகூடத்தின் நுண்சல்லடை கிழிந்தது. புதியதொன்றுக்கு ஓடர் கொடுத்தேன்.
2. வந்த சல்லடையின் விளிம்பு நசுங்கியிருந்தது. திருப்பி அனுப்ப வேண்டாம், வேறொன்று அனுப்புகிறோம் என்று விற்றவர்கள் எழுதினார்கள். நசுங்கியதை, மா அரிக்க உதவும் என்று, எசன் நகரில் அம்மாவின் குசினிக்குக் கொண்டுபோனேன்.
3. இடைப்பட்ட நாட்களில் மாணவர்கள் மணலில் பயிற்சி செய்வதற்காக, நுண்சல்லடை இருந்த இடத்தில் பெரிய கண் கொண்ட சல்லடையை வைத்தேன்.
4. மாற்றுச் சல்லடை வந்தது. என் பட்டியலில் "சல்லடை" என்ற வரிக்குச் சரி போட்டேன். பெட்டியைத் திறக்கவில்லை.
5. பெரிய கண் சல்லடையிலேயே பதினொரு கல் மாதிரிகளைக் கழுவினேன்.
6. பதினொன்றுக்கும் "பூச்சியம்" என்று எழுதி, கீழே என் கையெழுத்தை வைத்தேன்.
7. அந்தப் பதினொரு பூச்சியங்களின் மேல் ஓர் ஆய்வாளர் தன் கலாநிதிப் பட்ட ஆய்வின் முக்கிய அத்தியாயத்தை எழுதினார்.

முதல் ஆறும் என் வேலை. ஏழாவது அவருடைய வாழ்க்கை.

நான் கற்களை ஆராயும் ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளர். ஆய்வாளர்கள் மலையிலிருந்து கல் கொண்டுவருவார்கள். நான் வெட்டுவேன், வினாகிரியின் மூலப்பொருளான அசற்றிக் அமிலத்தில் கரைப்பேன், கரையாமல் எஞ்சுவதைச் சல்லடையில் கழுவி உலர்த்தி நுணுக்குக்காட்டியின் கீழ் பொறுக்குவேன். கருவிகள் ஒரு வாளி, ஒரு சல்லடை, நனைத்த மயிர்த்தூரிகை. கேட்பவர்களுக்கு இதை விளக்கினால், இதற்கா மூன்றரை வருடம் படித்தாய் என்பார்கள். இதற்குத்தான்.

ஏழாவது வரியில் வரும் ஆய்வாளர் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன். ஆய்வுகூடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டும். நான் ஜெர்மனியில், டோர்ட்மண்டில் பிறந்து எசனில் வளர்ந்தவள், வீட்டில் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். முதல் மாதத்தில் நான் என்ன சொன்னாலும் அக்கா சிரிப்பார்.

"நீ ஆமாங்கறதுக்கு ஓம் ஓம்னு சொல்றப்போ எனக்கு யோகா கிளாஸ்ல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு கண்ணு."

"நீங்கள் சூப்பர் சூப்பர் எண்டு சொல்லேக்க எனக்கு விளம்பரம் பாக்கிற மாதிரி இருக்கு அக்கா."

அக்காவின் கேள்வி எளிதானது. ஏறக்குறைய முப்பத்தாறு கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியக் காலத்தின் முடிவில், கடலில் பெரும் அழிவு ஒன்று நடந்தது. கவசம் போர்த்த பெரிய மீன்கள் அத்தோடு முடிந்தன. எங்கள் நகரத்துக்குத் தெற்கே உள்ள சவர்லாந்து மலைகள் அன்று கடலின் அடி. அங்கே ஒரு பழைய கல்லுடைப்புக் குழியில் அந்த அழிவைக் கையால் தொடலாம்: சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல், அதன் மேல் கறுப்புக் களிக்கல் பட்டை, அதன் மேல் மீண்டும் சாம்பல். கீழே உள்ள சாம்பல் அழிவுக்கு முந்தியது. கறுப்பு, மூச்சுவிட முடியாத கடல். மேலே உள்ள சாம்பல் அதற்குப் பிந்தியது. மேல் சாம்பலில் உயிர்கள் எந்த உயரத்தில் திரும்பி வருகின்றன என்பதுதான் கேள்வி.

அதை எண்ணிப் பார்க்க ஒரு பிராணி இருக்கிறது. கொனொடொன்ட் என்று பெயர். விலாங்கு போன்ற உடம்பு, எலும்பில்லை. பற்கள் மட்டும் கல்லில் எஞ்சியிருக்கின்றன, மணல் அளவில், தேன் நிறத்தில். அந்தப் பற்கள் அமிலத்தில் கரைவதில்லை. இந்தப் பிராணி டெவோனிய முடிவைத் தாண்டியது, அதன்பின் வந்த இன்னும் பெரிய அழிவையும் தாண்டியது, அதற்கடுத்ததில் முற்றாக இல்லாமல் போனது. எத்தனை அழிவைத் தாண்டினாலும் அடுத்ததைத் தாண்டும் என்று உறுதி இல்லை. அக்கா தன் அறிமுக அத்தியாயத்தில் இதை எழுதியிருந்தார். அவருடைய மேற்பார்வையாளரான பேராசிரியர், உணர்ச்சிவசமான வாக்கியம் என்று வெட்டிவிட்டார். எனக்கு அது உணர்ச்சியாகத் தெரியவில்லை, தகவலாகத்தான் தெரிந்தது.

கறுப்புப் பட்டைக்குக் கீழே எடுத்த மாதிரிகளை நான் குளிர்காலத்தில், பழைய நுண்சல்லடை கிழிவதற்கு முன் கழுவி முடித்திருந்தேன். ஒவ்வொரு தட்டிலும் பற்கள் நிறைந்திருந்தன, பல வகை, பல அளவு. மேலே எடுத்த பதினொன்றும் வசந்தத்தில். ஒன்றும் இல்லை. ஒரு தட்டு வெறுமையாக இருந்தபோது சந்தேகப்பட்டேன். நான்காவது தட்டிலிருந்து பழகிவிட்டது. அழிவுக்குப் பின் வெறுமை இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். எதிர்பார்த்தது கிடைத்தால் யாரும் வாளிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

அக்கா படம் வரைந்தார். கீழே பற்களைக் குறிக்கும் கோடுகள் நிறைந்த பகுதி, நடுவில் கறுப்பு, மேலே நீண்ட வெள்ளை.

"எவ்ளோ க்ளீனா இருக்கு பாரு. சுத்தமான டெட் ஸோன். ப்ரொஃபஸர் பாத்துட்டு ரெண்டு நிமிஷம் பேசவே இல்ல. அவரு பேசாம இருந்து நீ பாத்திருக்கியா?"

"இல்லை."

"நானும் இல்ல. அதான் சொல்றேன்."

அவருடைய ஒப்பந்தம் செப்டம்பர் முடிவில் முடிகிறது. வேறொரு நகரத்தில் ஒக்டோபரில் தொடங்கும் வேலை ஒன்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது, ஒரு நிபந்தனையோடு: அதற்குமுன் ஆய்வேட்டை ஒப்படைத்திருக்க வேண்டும். வேலை இருந்தால் விசா நீளும். இது எனக்குத் தெரியும். விசாவுக்கான தெர்மின், அதாவது அலுவலகத்தில் சந்திப்பு நேரம், எடுக்க நான்தான் கணினி முன் அவரோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் நான் பத்து வயதிலிருந்து செய்த வேலை அது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை எசனுக்குப் போனேன். அம்மா இடியப்பத்துக்கு வறுத்த மாவை அரித்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுகிற அண்ணா, இரவு முறை முடிந்து வந்து மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். நான் உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கினான்.

"அம்மா, அச்சாறு வந்திட்டுது."

"குளிச்சிட்டுத்தான் வந்தனான்."

"குளிச்ச அச்சாறு."

வினாகிரியில் ஊறிய அச்சாறுபோல் அமில மணம் தலைமயிரில் நிற்கும், என்ன செய்தாலும் போகாது. இந்தப் பகிடி மூன்று வருடமாக ஓடுகிறது.

அம்மா சல்லடையின் விளிம்பைக் கரண்டியால் தட்டினார். "பிள்ளை, உன்ர அரிதட்டு நல்ல தட்டுத்தான், ஆனா அரிச்சு முடியிறதுக்குள்ள எனக்குக் கை விட்டுப்போகுது. மா வாற மாதிரியில்லை, பனி வாற மாதிரிக் கிடக்கு."

"பழசில அரியுங்கோவன்."

"பழசில அரிச்சால் எல்லாம் விழுந்திடும். மேல ஒண்டும் நிக்காது."

"நீங்களும் உங்கட மாவும்," என்றான் அண்ணா. "கடையில பக்கெற்றில விக்கிறாங்கள்."

"அதை நீ தின். உனக்கு அதுவும் கூட."

அம்மா களைப்பாறச் சல்லடையை என் கையில் தந்தார். நான் இரண்டு தட்டுத் தட்டினேன். பிறகு, பழக்கத்தில், விளிம்பில் பொறித்திருந்ததைப் படித்தேன். நூறு மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நான் ஓடர் கொடுத்த அளவு அதுதான், அதில் புதினம் எதுவும் இல்லை. ஆனால் அந்த வாரம் ஆய்வுகூடத்தில் நான் கழுவித் துடைத்து வைத்த சல்லடையை என் கை மறந்திருக்கவில்லை, அதன் விளிம்பைக் கண்ணும் மறந்திருக்கவில்லை. அதில் இருநூற்றைம்பது என்று பொறித்திருந்தது. நான் அதை ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறேன். படிக்கவில்லை.

"என்ன, மாவுக்குள்ள பூச்சியே?" என்று அம்மா கேட்டார்.

"இல்லை."

"பின்ன ஏன் முகம் உப்பிடி?"

"வேலையில ஒரு பிழை விட்டிட்டன்."

"திருத்தலாமே?"

"தெரியேல்லை."

அண்ணா பகிடியை நிறுத்திவிட்டு, இன்னொரு தேத்தண்ணி ஊற்றி என் பக்கம் தள்ளினான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பட்டியல் எழுதினேன். எழுதினால் அமைதி வரும் என்பது என் நம்பிக்கை. முதலாவது, பிழை எங்கே. மாதிரிப் படிவத்தில் பதினான்கு நிரல்கள் இருக்கின்றன: திகதி, எடை, அமிலத்தின் செறிவு, வெப்பநிலை என்று. சல்லடையின் கண் அளவுக்கு நிரல் இல்லை, ஏனென்றால் அது ஒருபோதும் மாறாது. அந்தப் படிவத்தைத் தயாரித்தது நான். இரண்டாவது, பட்டியல். "சல்லடை" என்று ஒரு சொல்தான் எழுதியிருந்தேன். பெட்டி வந்தது, சரி போட்டேன். பட்டியல் எழுதுகிறவர்களுக்கு உள்ள வியாதி இது. வரி முடிந்தால் வேலையும் முடிந்ததாகப் படும். மூன்றாவது, இது வேறு யாருக்குத் தெரிய வரும். எழுதினேன்: யாருக்கும் இல்லை. பெட்டியைத் திறந்து புதிய சல்லடையை வைத்துவிட்டால், அடுத்த மாதிரியிலிருந்து எல்லாம் சரியாக இருக்கும். பதினொரு பூச்சியங்களும் நம்பும்படியான பூச்சியங்கள்.

நான்காவது, சொல்வதா விடுவதா என்ற வரியை எழுதவில்லை. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை அக்கா வருவதற்கு முன் கழுவுதொட்டியின் கீழ் உள்ள படிவு வாளியைத் திறந்து பார்த்தேன். சல்லடையைத் தாண்டியவை எல்லாம் அங்கேதான் போகும், பதினொரு மாதிரியும் மாணவர்களின் மணலும் ஒன்றாய்க் கலந்து. ஒரு தேக்கரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் ஒரு பல் கண்டேன், பிறகு இன்னொன்று. மிகச் சிறியவை. எந்தப் படையிலிருந்து வந்தவை என்று சொல்ல வழியில்லை.

அக்கா வந்தார். மழை மேலங்கியைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னேன். முழுவதையும், வரிசையாக. சொல்லி முடிக்கும்வரை அவர் ஒரு கை இன்னும் மேலங்கிக்குள் இருக்க நின்றார்.

"சீரியஸா சொல்றியா."

"ஓம்."

"பதினொண்ணுமா?"

"பதினொண்டும்."

"அந்த டெட் ஸோன்..."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நாங்கள் பாக்கேல்லை."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். நான் படிவு வாளியில் கண்ட இரண்டு பற்களைக் காட்டினேன். பார்த்தார், தலையை எடுக்காமல் கேட்டார்:

"நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்காச்சும் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"செப்டம்பர்ல சப்மிட் பண்ணிட்டுப் போயிருப்பேன்."

"ஓம்."

"இப்போ உன் ஓம் கேக்கறப்போ யோகா மாதிரி இல்ல," என்றார். பிறகு வெளியே போய் நடைபாதையில் கொஞ்ச நேரம் நின்றார். கண்ணாடிக் கதவின் வழியாக முதுகு மட்டும் தெரிந்தது. நான் புதிய சல்லடையின் பெட்டியைத் திறந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "கல்லு மிச்சம் இருக்கா?"

இருந்தது. ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை வெட்டி இழுப்பறையில் வைப்பது எங்கள் வழக்கம். பத்து மாதிரிகளுக்குப் பாதி இருந்தது. எஞ்சிய ஒன்று, அதாவது கறுப்புப் பட்டைக்கு நேர்மேலே உள்ளது, கைப்பிடிக்குள் அடங்கும் சிறிய கல். அதைப் பாதியாக்கினால் போதாது என்று முழுவதையும் கரைத்திருந்தோம். கேள்விக்கு மிக நெருங்கிய கல் அதுதான். அது படிவு வாளியில், மாணவர்களின் மணலோடு.

அமில ஆவியை இழுக்கும் காற்றுறிஞ்சிக்குக் கீழே ஒரே நேரத்தில் நான்கு வாளிகள்தான் வைக்கலாம். ஒரு கல் கரைய இரண்டு வாரம். பத்துக் கற்களுக்கு மூன்று சுற்று, ஆறு வாரம், அதன்பின் பொறுக்கும் வேலை. கணக்கைப் பலகையில் எழுதினேன். அத்தியாயத்தைத் திருத்தி எழுத அக்காவுக்கு எஞ்சிய நாட்கள் போதாது என்று பலகையில் தெளிவாகத் தெரிந்தது. இருந்தும் முதல் நான்கு வாளிகளையும் அன்றைக்கே வைத்தோம்.

ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் நானே போய்ச் சொன்னேன். அடுத்த ஆண்டு ஓய்வுபெறப் போகிற ஜெர்மன் பெண். கேட்டு முடித்துவிட்டு, படிவத்தில் பதினைந்தாவது நிரல் போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றேன். "அப்படியானால் போய்ப் பொறுக்கு," என்றார். இரண்டு நாள் கழித்து நான் எழுதிய விளக்கக் கடிதத்தைக் கையில் எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் "நான்" இருந்த இடத்தில் "ஆய்வுகூடம்" என்று மாற்றச் சொன்னார். நான் ஒரு வாக்கியத்தில் மட்டும் மாற்றாமல் விட்டேன். அவர் அதைக் கண்டும் காணாமல் கையெழுத்து வைத்தார்.

ஆகஸ்ட் முழுவதும் நாங்கள் அருகருகே உட்கார்ந்து பொறுக்கினோம். கறுப்புத் தட்டு, அதில் வெள்ளைக் கட்டங்கள். கட்டம் கட்டமாகப் போக வேண்டும். தூரிகையை நாக்கில் நனைக்கக் கூடாது என்று விதி உண்டு. எல்லோரும் நனைப்போம்.

கறுப்புப் பட்டைக்கு மேலே இரண்டாவதாக உள்ள மாதிரியில் ஒன்றும் இல்லை. இந்த முறை அது உண்மையான பூச்சியம். மூன்றாவதில் முதல் பல் வந்தது. அதை அக்காதான் கண்டார்.

"இங்க வா. தூசியா, பல்லா?"

பார்த்தேன். "பல்."

"எவ்ளோ குட்டி. இது நம்ம கீழ பாத்த அதே இனந்தானா?"

அதே இனத்தின் உறவு, ஆனால் கீழே கண்டவற்றில் பாதி அளவும் இல்லை. அடுத்தடுத்த படைகளில் எண்ணிக்கை கூடியது, அளவு கூடவில்லை. வகையும் கூடவில்லை: ஒரே இரண்டு வகைதான், திரும்பத் திரும்ப, கட்டத்துக்குக் கட்டம். எட்டாவது மாதிரியில் மூன்றாவது வகை வந்தது. மேலே உள்ள கடைசி மாதிரியில்கூட இருநூற்றைம்பது மைக்ரோமீட்டர் கண்ணில் நிற்கக்கூடிய பல் ஒன்றும் இல்லை. பேரழிவுகளுக்குப் பின் பல இடங்களில் இப்படித்தான் என்று புத்தகங்களில் இருக்கிறது. எஞ்சியவை சின்னவை, வகை குறைந்தவை, நீண்ட காலம் அப்படியே இருப்பவை. புத்தகத்தில் இருப்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் கால் மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையால் அவற்றைத் தேடினேன்.

ஒரு வார முடிவில் அம்மா கேட்டார், அந்தப் பிராணி என்ன பிராணி என்று. விலாங்கு மாதிரி என்றேன்.

"சாப்பிடலாமே?"

"முப்பத்தாறு கோடி வருசம் பழசு அம்மா."

"பழுதாப் போயிருக்கும் அப்ப," என்றான் அண்ணா. "அச்சாறு போட்டாத்தான் உண்டு. அதைத்தான் இவள் செய்யிறாள்."

நான் சிரித்தேன். ஜூலைக்குப் பிறகு அந்த வீட்டில் சிரித்தது அன்றுதான் என்று அண்ணா பிறகு சொன்னான்.

செப்டம்பரில் அக்கா வெள்ளைப் பட்டை இருந்த படத்தை அழித்துப் புதிதாக வரைந்தார். கறுப்புக்கு நேர்மேலே உள்ள முதல் இடத்தில் என்ன போடுவது என்று அரை நாள் பேசினோம். பூச்சியம் போட்டால் பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னதாகும். நாங்கள் பார்க்கவில்லை. அங்கே ஒரு சிறிய புள்ளிக்கோடு போட்டு, கீழே "தெரியாது" என்று எழுதினார். மேற்பார்வையாளர் இந்த முறையும் இரண்டு நிமிடம் பேசவில்லை. பிறகு, முந்தையது அழகான படம், இது சரியான படம் என்றார். அக்கா இதை என்னிடம் சொன்னபோது குரலில் கோபம் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை.

"உன் மேல கோவமான்னு கேக்க மாட்டியா?"

"கேக்கப் பயம்."

"ஜூலைல இருந்துச்சு. இப்போ தூக்கம்தான் வருது." எழுந்து போகும்போது என் தலையில் கை வைத்தார். "வினிகர் வாசம் கண்ணு. தாங்கல."

இன்றைய நிலை: அக்கா நவம்பரில் ஆய்வேட்டை ஒப்படைத்தார், அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒக்டோபரில் தொடங்கவிருந்த வேலை வேறொருவருக்குப் போனது. அவர் இப்போது எங்கள் ஆய்வுகூடத்திலேயே ஆறு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறார், விசாவும் அந்த ஆறு மாதத்துக்குத்தான். கல்லுடைப்புக் குழி பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால், கறுப்புப் பட்டைக்கு நேர்மேலே மீண்டும் ஒரு கல் எடுக்க அன்ட்ராக், அதாவது அனுமதி விண்ணப்பம், கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. என் பட்டியலில் அந்த வரி திறந்திருக்கிறது. நசுங்கிய சல்லடை அம்மாவிடம் இருக்கிறது.